மதாமிடம் நான் தோற்றது நிஜம்

போன மாதம் எண்ணூர் கிளப்பில் எனக்குச் சால்வை போட்டார்கள். பழைய டென்னிஸ் கோர்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் போட்டு, அதன்மேல் நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடியபோது ராயபுரத்தில் நான் அகப்பட்டேன். கார் அனுப்பினார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் கேசரி ஆறிவிட்டது.

என்னிடம் ஆடிப் பழகிய பழைய அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்தார். "ஆரோக்கியம் மாதிரி ஒரு மார்க்கர் இனிமே கிடைக்க மாட்டார். எங்களையெல்லாம் ஜெயிக்க வெச்சு அழகு பார்த்தவர். ஒரு பிரெஞ்சு லேடி ஊருக்குத் திரும்பறப்போ, அவங்க மனசு நோகாம எவ்வளவு நாசூக்கா தோத்தார் தெரியுமா! நான் கண்ணால பார்த்தேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சால்வையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை.

"இன்னாய்யா, சால்வ போட்ட நாளும் அதுவுமா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறே?" என்றாள் என் மனைவி பிலோமினா. விஷயத்தைச் சொன்னேன். "இதையே இத்தினி வருசமா என்கிட்ட சொல்லிகினு கீறே. எனக்கு இன்னா தெரியும் டென்னிஸு? தெரிஞ்சவங்களாண்ட சொல்லு" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

மார்க்கர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கோச் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோச் சொன்னால் ஆடுகிறவர் கேட்க வேண்டும். மார்க்கர் கதை வேறு. ஆடுகிறவர் சொன்னதை மார்க்கர் கேட்க வேண்டும். விடிந்ததும் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, அறுந்த ராக்கெட்டுக்கு நரம்பு கட்டி வைப்பார். மாலையில் ஆள் சேராத மெம்பருக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடுவதும் அவர்தான். என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். நானும் அங்கேதான் போவேன் என்று இருந்தார். நான் சிட்டிக்குள் ஒரு கிளப்பில் சேர்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, அறுபதுகளில் எண்ணூரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கிளப்புக்கு வந்தேன். தினக்கூலிதான். ராயபுரத்திலிருந்து சைக்கிளில் கடலோரமாகவே போவேன். திருவொற்றியூர் தாண்டியதும் எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.

அங்கே பெரிய மார்க்கர் முனுசாமி அண்ணன். காசிமேட்டுக்காரர். கட்டுமரக் குடும்பம். கறுத்து ஒல்லியாக இருப்பார். வெற்றிலை போட்டுக்கொண்டே ஆடுவார். ஆட்டம் முடிகிற வரை துப்ப மாட்டார். தோற்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சிரிக்காதீர்கள். எங்கள் தொழிலின் பெரிய பாடமே அதுதான்.

"டேய் ஆரோக்கியம், கேட்டுக்கோ" என்றார் முதல் நாளே. "பாலு அவங்க மட்டையாண்ட வரணும். அவங்கள ஓட வெச்சே, நீ மார்க்கர் இல்ல, சத்ரு. தோக்கறப்போ வலையில அடிக்காத, கேவலமா இருக்கும். சர்வீஸ ரெண்டு வாட்டி வெளிய போட்டுத் தோக்காத, பிச்ச போட்ட மாதிரி இருக்கும். நல்லா ஓங்கி அடி. கோட்டுக்கு நாலு விரக்கடை வெளிய வுழணும். ஐயோ, கொஞ்சத்துல தப்பிச்சோம்டான்னு அவங்களுக்குத் தோணணும். வூட்டுக்குப் போயி பொண்டாட்டியாண்ட அதச் சொல்லணும்."

நாலு விரற்கடை. நாலு விரல் அகலம். நான் அதைப் பழகிய விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மத்தியானம் வெறும் கோர்ட்டில், கோட்டுக்கு வெளியே ஒரு கைக்குட்டையை விரித்து, அதன்மேல் பந்து விழும்படி அடித்து அடித்துப் பழகினேன். மற்றவர்கள் கோட்டுக்குள் அடிக்கப் பழகுவார்கள், நான் கோட்டுக்கு வெளியே அடிக்கப் பழகினேன். ஒரு வருடத்தில் மானேஜர்களும் டாக்டர்களும் என்னை வரிசையாக ஜெயித்தார்கள். "இன்னைக்கு உன்னை விட்டனா பார்த்தியா" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு வருத்தமே இல்லை. சமையற்காரனுக்குப் பசி எடுக்காது அல்லவா, அந்த மாதிரி.

அந்த நேரத்தில்தான் மதாம் வந்தார். தொழிற்சாலையில் புது மிஷின் இறக்க பிரான்சிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அவருடைய மனைவி பெயர் ஒதேத். அவரோடு வந்த பாண்டிச்சேரி சமையற்காரர் மதாம் என்று கூப்பிட்டதால் நாங்களும் மதாம் என்றோம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். நரைத்த தலையைச் சின்னதாக வெட்டியிருப்பார். முழங்கால் இரண்டிலும் பழைய தழும்புகள். ஆங்கிலம் எனக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும். அதனால் சுலபமாகப் பேசிக்கொண்டோம். மீதியைத் தமிழில் சமாளித்தார். தமிழ் என்றால் எங்கள் தமிழ். சினிமாக்காரர்கள் கேலி பண்ணுகிற பாஷையை ஒரு பிரெஞ்சுக்காரி "இன்னா ஆரோக்கியம்?" என்று பேசியதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

முதல் நாள் வழக்கம்போலப் பந்தை அவருடைய வலது கைக்குப் போட்டேன். அடித்தார். இரண்டாவதையும் அங்கேயே போட்டேன். மூன்றாவது பந்தை அவர் அடிக்கவில்லை. ராக்கெட்டைத் தாழ்த்திக்கொண்டு, பந்து தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். வலைக்கு வந்து, "நான் நோயாளி இல்லை" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை. ஆட்டம் முடிந்ததும் "நெஜமா?" என்று கேட்பார். "நெஜந்தான் மதாம்" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பழகிய கை கேட்கவில்லை. ஓங்கினாலும் கடைசி நிமிஷத்தில் அது தானாகப் பந்தை அவர் நிற்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தது.

எங்கள் கோர்ட்டுகள் களிமண்ணில் சாணி மெழுகியவை. அதில் ஒன்றைச் சிவப்பாக்க வேண்டும் என்று மதாம் கேட்டார். அவர்கள் ஊரில் செங்கல் பொடியில்தான் ஆடுவார்களாம். உடைந்த செங்கல்லை வண்டி வண்டியாக வரவழைத்து, ஆட்களை வைத்து இடித்து, மாவு சலிக்கிற மாதிரிச் சலித்தோம். மதாமும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சல்லடை பிடித்தார். தண்ணீர் ஊற்றி உருளை இழுத்தால் காலையில் நன்றாக இருக்கும், மத்தியானம் கடல் காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். முனுசாமி அண்ணன்தான் யோசனை சொன்னார். பக்கத்து உப்பளத்திலிருந்து கல்லுப்பு கொண்டுவந்து தூவித் தண்ணீர் தெளித்தோம். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. பொடி படிந்தது.

அந்தக் கோர்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. பந்து விழுந்த இடம் பதியும். கால் வைத்த இடம் பதியும். சறுக்கிக்கொண்டு போய் அடித்தால், சறுக்கின நீளம் பூராவும் கோடாகத் தெரியும். மதாம் அப்படிச் சறுக்குவார். அந்த வயதிலும் கால் தரையில் வழுக்கி நிற்பதும் பந்து மட்டையில் படுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். முனுசாமி அண்ணன் வெற்றிலையை மெல்ல மறந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் ஈரச் சாக்கை இழுத்து எல்லாத் தடத்தையும் அழிக்க வேண்டும். அது மார்க்கர் வேலை.

இரண்டு வருடம் போல இருந்தார்கள். மிஷின் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் புறப்பட நாள் குறித்தார்கள். வழியனுப்பு விழாவில் மதாமுக்கும் மார்க்கருக்கும் ஒரு ஆட்டம், பிறகு டீ என்று ஏற்பாடு.

கிளப் செகரட்டரி ராகவன் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். துடைத்து முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

"மார்க்கர், நாளைக்கு ஜெனரல் மானேஜர் வரார். மதாம் சந்தோஷமா ஊருக்குப் போகணும், இல்லையா? ரெண்டே செட். டீ ஆறிடக் கூடாது" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "உன்னைப் பர்மனென்ட் பண்றதுக்கு இந்த மாசம் எழுதலாம்னு இருக்கேன்" என்றார்.

பிலோமினா அப்போது நிறைமாதம். பர்மனென்ட் என்றால் எங்களுக்கு ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ், எல்லாம். சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தோற்பதுதானே என் தொழில்.

ஷெட்டில் உட்கார்ந்து மதாமின் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். மெம்பர்கள் யாரும் ஷெட்டுக்குள் வர மாட்டார்கள். மதாம் வந்து, சுண்ணாம்பு டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பாதி ஆங்கிலம் பாதி தமிழில், மெதுவாகச் சொன்னார்.

அவர் சின்ன வயதில் பிரான்சின் சாம்பியன். அவர்கள் நாட்டிலேயே பெரிய சிவப்புக் கோர்ட்டில் ஜெயித்தவர். ஆனால் அது ஜெர்மன்காரன் பிரான்சைப் பிடித்து வைத்திருந்த காலம். வெளிநாட்டு ஆட்டக்காரிகள் யாரும் வரவில்லை. உள்நாட்டிலேயே சிலர் தலைமறைவு, சிலர் செத்துப்போனார்கள். யுத்தம் முடிந்ததும், அந்த வருடங்களின் ஆட்டமெல்லாம் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். ஜெயித்தவர்கள் பெயரை எழுதி வைத்த அந்தக் கோர்ட்டுச் சுவரில் இவர் பெயர் இல்லை.

"ஆடினவங்க எல்லாம் நல்லா ஆடினாங்க. நானும் நல்லா ஆடினேன்" என்றார். "ஆனா எல்லாரும் சொன்னாங்க, யாரும் இல்லை, அதான் நீ ஜெயிச்சேன்னு. முதல்ல இல்லைன்னு சொன்னேன். அப்புறம் எனக்கே தெரியலை. யுத்தம் முடிஞ்சப்போ புள்ள வயித்துல. அப்புறம் ஆடலை."

நான் நரம்பை இழுப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஆரோக்கியம், நாளைக்கு நீ எனக்குக் குடுக்காதே. தோத்தா தோத்துப் போறேன். ஒரே ஒரு ஆட்டம் நெஜமா ஆடணும் எனக்கு. நீ குடுத்தா எனக்குத் தெரியும்."

அவர் கண் கலங்கியிருந்தது. "சரி மதாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

முனுசாமி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவங்க கப்பல் ஏறிடுவாங்கடா. நீ இங்கதான் குந்திகினு இருக்கணும். குடுத்துடு. தெரியாம குடு, அவ்ளோதான். உனுக்கா தெரியாது?" என்றார். அன்று சைக்கிளில் வீடு போகும்போது மதாமும் முனுசாமி அண்ணனும் மாறி மாறி என் காதில் பேசுகிற மாதிரி இருந்தது. பிலோமினாவிடம் கேட்டேன். "வாக்கு குடுத்துட்டியா? அப்புறம் இன்னாத்துக்கு என்னக் கேக்கறே?" என்றாள். வேலை போனால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சிவப்புக் கோர்ட்டைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். நான் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஜெயிப்பதற்காக ஆடினேன். கை முதலில் முரண்டு பிடித்தது. பிறகு வழிக்கு வந்தது. மதாமை மூலைக்கு மூலை ஓட வைத்தேன். முதல் செட் என்னுடையது. கைதட்டல் இல்லை. நாற்காலிகளில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம் மதாம் மட்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ராகவன் சார் எழுந்து என் பக்கம் வந்தார். அத்தனை பேரும் பார்க்க, கண்ணாடியைத் துடைத்தார். "மார்க்கர், உனக்கு நாளைக்கு இங்கே வேலை இருக்கணும், இல்லையா?" என்றார். போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது செட்டை நான் தோற்றேன்.

இங்கேதான் எல்லோரும் தப்பாக நினைத்தார்கள். உண்மையில் நடந்தது இதுதான். கடல் காற்று ஏறிவிட்டது. நான் தினமும் அந்தக் காற்றில் சைக்கிள் மிதிக்கிறவன். ஆனால் அந்தக் காற்றில் எப்படி ஆடுவது என்று தெரிந்தது மதாமுக்குத்தான். பந்தை உயரமாகக் காற்றுக்கு எதிரே தூக்கிவிடுவார். அது திரும்பி வந்து என் முன்னால் செத்து விழும். நான் முன்னால் ஓடி வந்தால் தலைக்கு மேலே போகும். என்னுடைய வேகத்தையெல்லாம் அந்தச் செங்கல் பொடி தின்றுவிட்டது. நாங்கள் சேர்ந்து சலித்த அதே பொடிதான். கோபம் வந்தது. ஓடினேன். சறுக்கத் தெரியாமல் சறுக்கி, முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. எழுந்து மறுபடியும் ஓடினேன். ராகவன் சாரும் பர்மனென்டும் எனக்கு நினைவிலேயே இல்லை. அந்தப் பெண்பிள்ளையை ஜெயித்தே ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மூன்றாவது செட் இழுத்தது. டீ ஆறிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைசிப் புள்ளியில் மதாம் என்னை இடது ஓரத்துக்குத் துரத்தினார். எட்டி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு, கோட்டைப் பார்த்து அடித்தேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

நாலு விரற்கடை.

நாற்காலிகள் பூராவும் சிரிப்பும் கைதட்டலும். ஜெனரல் மானேஜர் எழுந்து நின்று தட்டினார். ராகவன் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முனுசாமி அண்ணன் ஷெட் வாசலில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். யார் எப்படி நினைத்தாலும் சரி, மதாம் அப்படி நினைத்துவிட்டால்?

மதாம் கை குலுக்க வலைக்கு வரவில்லை. வலையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். முதலில் பந்து விழுந்த குழியைக் குனிந்து பார்த்தார். பிறகு கோர்ட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். என் பக்கத்துத் தரை உழுத வயல் மாதிரி இருந்தது. வலையிலிருந்து பின்கோடு வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நான் ஓடினதும் சறுக்கினதும் விழுந்து எழுந்ததும் அங்கே கிடந்தன. ஒரு இடத்தில் ரத்தம் செங்கல் பொடியோடு கலந்திருந்தது. கொடுக்கிறவன் இவ்வளவு தூரம் ஓட மாட்டான். மதாம் என் முழங்காலைப் பார்த்தார், தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"நெஜம்" என்றார். இந்தத் தடவை கேள்வியில்லை.

"நெஜந்தான் மதாம்" என்றேன். அழுதுவிட்டேன். அவரும் அழுதார். ஊருக்குப் போகிற வருத்தம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

நான் வழக்கப்படி சாக்கை எடுத்தேன். மதாம் என் கையைப் பிடித்துத் தடுத்து, "இன்னிக்கு வேணாம்" என்றார். இருட்டுகிற வரை இரண்டு பேரும் அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வேலைக் காலத்தில் ஆட்டம் முடிந்து நான் சாக்கு இழுக்காத நாள் அது ஒன்றுதான். காலையில் வந்து பார்த்தபோது காற்று எல்லாவற்றையும் துடைத்திருந்தது.

அடுத்த மாதம் என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். "சொன்னதைக் கேட்டே, நல்ல பையன்" என்றார் ராகவன் சார். "சார், நான் நெஜமாவே தோத்துட்டேன்" என்றேன். "அதைத்தான் நானும் சொல்றேன்" என்று கண்ணாடியைத் துடைத்தார். முனுசாமி அண்ணனிடம் மாதா மேல் சத்தியம் செய்து சொன்னேன். "எங்கிட்டயேவா மாமு?" என்று கண்ணடித்தார். "முட்டி தேஞ்சி ரத்தம் வந்துச்சே, அது எனக்கே தோணாதுடா. கடைசி பாலு நாலு விரக்கடை. என்ன மிஞ்சிட்ட." சாகிற வரைக்கும் புது ஆட்களிடம் அதைச் சொல்லி என்னைப் புகழ்ந்தார். அவர் புகழப் புகழ எனக்கு எரிந்தது.

மதாம் இப்போது இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். அவர்கள் ஊர்ச் சுவரில் அவர் பெயர் இல்லாததற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணூரில் நடந்ததற்கு நான் சாட்சி இருக்கிறேன். விழாவன்று அந்த நீலத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது. காலைத் தேய்த்தேன். ஒரு தடமும் விழவில்லை.

மைக்கில் பேசிய ஐயாவுக்குச் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் நான் தோற்ற ஆட்டங்களெல்லாம் நான் கொடுத்தவை. அவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சந்தோஷம். மதாம் என்னை ஜெயித்தது அவர் சம்பாதித்தது. அந்தத் தோல்வி ஒன்றுதான் என் வேலைக் காலத்தில் எனக்கென்று இருப்பது. அதை மட்டும் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.